பியூலாவின் ஐம்பத்திரண்டு பற்கள்

செம்பாக்கம் பியூலாவுக்கு முதல் பல் முளைத்தது 1976 ஜனவரி 12, திங்கட்கிழமை காலை எட்டு பத்துக்கு. அப்போது அவளுக்கு வயது பதினெட்டு. கடைசிப் பல் அன்று மதியம் பன்னிரண்டு ஐந்துக்கு முளைத்தது. இடைப்பட்ட நேரத்தில் இருபது பால்பற்கள் வந்து, ஆடி, விழுந்தும் முடிந்திருந்தன.

அவள் அப்பா எட்மண்டுக்குத் தாம்பரம் ஸ்டேஷன் சிக்னல் கேபினில் வேலை. ஆறாம் மாதத்தில் தெரிய வேண்டிய கீழ்ப்பல் அவளுக்கு ஒரு வயதிலும் தெரியவில்லை. இரண்டரை வயதில் மற்ற பிள்ளைகள் வாய் நிறையப் பல்லோடு முறுக்கு கடித்தபோது அவள் குழைந்த சாதத்தை ஈறால் மசித்தாள். அம்மா சாராள் ஞாயிறுதோறும் ஜெபக் குறிப்பில் "பியூலாவின் பல்" என்று எழுதிக் கொடுத்தாள். பிறகு சீட்டு இல்லாமலே போதகர் அதைச் சொல்லப் பழகிவிட்டார். ஏழு வயதில், வகுப்பில் எல்லோருக்கும் முன்பல் விழுந்த அந்த ஒரு வருடம், பியூலாவை யாரும் கேலி செய்யவில்லை. அடுத்த வருடம் அவர்களுக்கெல்லாம் முளைத்துவிட்டது.

1967இல் பல் டாக்டர் ஜீவரத்தினம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். ஈறுக்குள் இருபது பால்பற்கள், அவற்றுக்கு அடியிலும் பின்னாலும் முப்பத்திரண்டு நிரந்தரப் பற்கள், எல்லாம் வரிசையாக இருந்தன. "ஒண்ணும் குறையலை எட்மண்ட். எல்லாம் அவுட்டர்ல நிக்குது. சிக்னல் விழலை, அவ்வளவுதான்" என்றார். ஆயிரம் வண்டிக்கு சிக்னல் கொடுத்த மனுஷன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார்.

நாக்கு தொடப் பல் இல்லாததால் அவளுக்கு 'த' வராது. தாம்பரத்தை "ஆம்பரம்" என்பாள். ஆனால் அவள் ஆசைப்பட்டது ஒரே வேலைக்கு: ஸ்டேஷன் மைக்கில் வண்டி வருவதைச் சொல்வது. அந்த வேலைக்குக் குரல் தேர்வு வைத்தபோது எட்மண்ட் தடுக்கவில்லை, தைரியமும் சொல்லவில்லை. விண்ணப்பத்துக்குத் தபால் தலை மட்டும் ஒட்டிக் கொடுத்தார்.

அந்தத் திங்கட்கிழமை காலை தேர்வு வைத்த அதிகாரி வைத்தீஸ்வரன் மைக்கை எல்லா பிளாட்பாரத்துக்கும் திறந்து வைத்திருந்தார். பியூலா "ஆம்பரம்" என்றதும் ஆபீஸ் போகிற கூட்டம் மொத்தமும் சிரித்தது. "போதும்மா, வேற வேலைக்கு எழுதிப் போடுங்க" என்றார் அவர், தன்மையாகத்தான்.

பியூலா மைக்கை விடவில்லை. "இன்னொரு வாட்டி சொல்றேன் சார்."

சொன்னாள். கீழ் ஈறு பிளந்து இரண்டு வெட்டுப்பற்கள் எழுந்தன. அடுத்த வண்டிக்கு மேலே இரண்டு. வண்டிக்கு வண்டி பல் வந்தது. ஒன்பதரைக்குள் இருபதும் வந்து, "தாம்பரம்" சுத்தமாக ஒலித்தது. பின்னால் எதுவும் விழாமலே நான்கு கடைவாய்ப்பற்கள் புதிதாக முளைத்தன. பிறகு பால்பற்கள் ஆடத் தொடங்கின. முன்பற்கள் விழுந்ததும் 'த' மறுபடி போய்விட்டது. அவள் பற்களைக் கால அட்டவணை மேல் துப்பிவிட்டு அடுத்த வண்டியைச் சொன்னாள். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் வண்டி ஏறவும் இல்லை. போர்ட்டர் குப்புராஜ் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னாம்மா, பல்லு மொளைக்குதா? நீ சொல்லிக்கினே இரு. வண்டி எங்க பூடப் போவுது?" என்றான்.

பதினொன்றரைக்கு இருபத்தெட்டு ஆயிற்று. ஞானப்பற்கள் நான்கும்தான் படுத்தி எடுத்தன. ஜுரத்தில் உடம்பு கொதிக்க, மேஜையைப் பிடித்துக்கொண்டு, செங்கல்பட்டு பாசஞ்சர் நாலாம் பிளாட்பாரத்திலிருந்து புறப்படும் என்று ஒரு எழுத்து பிசகாமல் சொல்லி முடித்தாள். கேபினில் எட்மண்ட் அந்த வண்டிக்கு சிக்னல் கொடுத்தார். பிளாட்பாரம் முழுக்கக் கை தட்டியது. அன்று பட்டணத்துக்கு வேலைக்குப் போன எல்லோரும் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார்கள்.

வேலைக்கான மருத்துவச் சான்றிதழில் "பற்கள் முப்பத்திரண்டு, வயது ஒரு நாள்" என்று எழுதியிருந்தது. மேலிடத்தில் யாரும் கேள்வி கேட்காமல் முத்திரை குத்தினார்கள். பொங்கலுக்கு எட்மண்ட் ஒரு கட்டுக் கரும்பு வாங்கி வந்தார். துண்டு போட சாராள் அரிவாள்மனையை எடுத்தாள். "வேண்டாம்மா" என்று பியூலா முழுக் கரும்பை வாங்கிக் கணுவிலேயே கடித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டு, கரும்பு நல்ல கரும்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.