சேரின் கையைத் தட்டிவிட்டவள்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஓடையை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் வாடகை அறைகளில் ஒன்றில் விஜயலெட்சுமி குடியிருந்தாள். பிறந்தது ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில். தோட்டத்தில் வேலை நாட்கள் குறைந்துபோய் டவுனுக்கு இறங்கி ஏழு வருசம். டவுன் அவளுக்காக ஒன்றும் கதிரை போட்டுக் காத்திருக்கவில்லை. வெலிமடையிலிருந்து லொறியில் வந்திறங்கும் கரட் கிழங்கை மண் போகக் கழுவும் வேலைதான் கிடைத்தது. பச்சைத் தண்ணீரில் ஊறி ஊறி விரல்கள் மரத்துவிடும். மத்தியானம் சோற்றைப் பிசையும்போதுதான் உணர்ச்சி திரும்பும்.

அப்போதுதான் டவுனில் வசதியில்லாதவர்களுக்கென்று ஒரு பயிற்சி வந்தது. கூரைகளில் சோலார் பலகை பூட்டப் பழக்குவார்கள், மூன்று மாதம், பஸ் காசும் தருவார்கள். முடிவில் பரீட்சை. தேறியவர்களை அடுத்த மாதம் முதலாம் திகதியே வேலைக்கு எடுப்பதாக ஒரு கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. தேறாவிட்டால் மறுபடி கரட்தான். சேர்ந்த பதினாறு பேரில் பாதிப் பேர் கூரையைப் பார்த்ததும் கழன்றுவிட்டார்கள். மிஞ்சிய பெண்கள் இரண்டே பேர்: இவளும், கடைவீதியில் தையல் வேலை பார்த்துவந்த ஷம்ராவும்.

விஜயலெட்சுமிக்குக் கூரை ஒரு பொருட்டே இல்லை. செங்குத்தான மலையில் கூடையோடு ஏறி இறங்கிய கால்களுக்குத் தகரக் கூரை எந்த மூலைக்கு? ஒயரை இணைப்பதிலும் கை சுத்தம். குறை அவளுடைய வாயில்தான் இருந்தது. விளங்கினாலும் தலையாட்டுவாள், விளங்காவிட்டாலும் தலையாட்டுவாள். தோட்டத்துத் துரையின் ஜீப் வந்தால் பாதையை விட்டு இறங்கித் தேயிலைக்குள் நிற்க வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்த்த வளர்ப்பு அது. அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. அந்த வளர்ப்புத்தான் அம்மாவை முப்பது வருசம் வேலையில் வைத்திருந்தது.

முதல் நாள் பாடமே, ஆபத்தைக் கண்டால் எதிரில் இருப்பது யாராக இருந்தாலும் வேலையை நிறுத்தச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும் என்பது. விஜயலெட்சுமி அதைக் கொப்பியில் முத்து முத்தாக எழுதி அடியில் கோடும் போட்டாள். கோடு போடுவது சுலபம்.

பரீட்சை வைக்க வந்தவர் சிவராசா. யாழ்ப்பாணத்து இன்ஜினியர், உத்தியோகத்துக்காகப் பதுளைக்கு வந்து இருபது வருசம் ஆனவர். அதிகம் பேசமாட்டார், சிரிக்கவே மாட்டார். ஒவ்வொருவராகக் கூரைக்குக் கூப்பிட்டார். வேலை ஒன்றுதான்: கூரையின் மேல் ஏணிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் சிவப்புப் பிடியைக் கீழே இறக்கிக் கரண்டை நிறுத்த வேண்டும், பிறகு பழுதான பலகையைக் கழற்றி வேறொன்றைப் பூட்ட வேண்டும். ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்காகப் பிடியை மறுபடி மேலே தள்ளி வைப்பார். பிடி மேலே இருக்கும்போது, நல்ல வெயிலில் பலகையின் பிளக்கை இழுத்தால் நெருப்புப் பாயும். கையும் போகலாம், ஆளும் போகலாம்.

விஜயலெட்சுமியின் முறை கடைசி. மணி இரண்டாகிவிட்டது. சிவராசா காலையில் குடித்த தேத்தண்ணியோடு பட்டினியாக நின்றிருந்தார். அவள் இடுப்புப் பெல்ட்டைக் கொழுவிக்கொண்டிருந்தபோது அவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. பேசி முடித்தார், பலகைக்குப் பக்கத்தில் குந்தினார், அவளுக்கு முன் அதைச் சரிபார்க்கவென்று ஏதோ யோசனையில் தானே பிளக்கைக் கழற்றக் கையை நீட்டினார்.

சிவப்புப் பிடி மேலே இருந்தது.

அவள் பார்த்தாள். பார்த்தும் வாய் திறக்கவில்லை. இவ்வளவு படித்தவருக்குத் தெரியாதா, ஒருவேளை இதுவும் பரீட்சையோ, குறுக்கே பேசினால் கோபித்துக்கொண்டு பெயிலாக்கிவிடுவாரோ என்றெல்லாம் மனம் கணக்குப் போட்டது. அவருடைய விரல்கள் பிளக்கைத் திருகத் தொடங்கின. அடுத்து நடந்தது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. பாய்ந்துபோய் அவர் கையைத் தட்டிவிட்டு, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தொடாதீங்க சேர். இன்னும் ஓஃப் பண்ணல."

சிவராசா திரும்பிப் பிடியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பரீட்சையாவது ஒன்றாவது, மனிதர் உண்மையாகவே மறந்திருந்தார். கீழே நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கையை விட்டாள். பெரிய உத்தியோகத்தரை நாலு பேர் பார்க்கத் தட்டிவிட்டாயிற்று, எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள். அவர் வேலையைத் தொடங்கும்படி கையால் காட்டினார். அவள் பிடியை இறக்கினாள், பலகையைக் கழற்றினாள், புதியதைப் பூட்டினாள். ஓர் ஆணிகூடத் தவறவில்லை.

கீழே வந்ததும் ஷம்ரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சிவராசா பையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். யாராவது வேலையை இடையில் நிறுத்தினால் நிரப்ப வேண்டிய படிவம். அவர் அதை எடுக்காமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. எல்லாரையும் கிட்ட வரச் சொன்னார்.

"இண்டைக்குப் பிழை விட்டது நான். ஓஃப் எண்டு நினைச்சிட்டன். இவ பிடிக்காட்டி நான் இதில நிண்டு கதைக்கமாட்டன்."

பிறகு அவளைப் பார்த்து, அவள் தேறிவிட்டதாகவும் முதலாம் திகதி வேலைக்குப் போகலாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுப் படிவத்தையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்தார்.

படிவத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. மேலே, வேலையை நிறுத்தியவர். கீழே, நிறுத்தப்பட்டவர். விஜயலெட்சுமி வழக்கப்படி பேனாவை அவர் பக்கமாக நகர்த்தி, முதலில் நீங்க போடுங்க என்பதுபோல ஒதுங்கினாள். அவர் வாங்கவில்லை. காத்துக்கொண்டு நின்றார்.

அவள் பேனாவை எடுத்தாள். மேல் கோட்டில் தன் முழுப் பெயரையும் அவசரமில்லாமல் எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவை அவரிடம் நீட்டி, இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"நீங்க இதுக்குக் கீழ போடுங்க சேர்."