குண்டுவுக்கு வைத்த கெடு

கல்யாண நாளுக்குக் கொலுசு வேண்டுமா, சேலை வேண்டுமா என்று வீட்டுக்காரர் பாண்டீஸ்வரன் கேட்டார். பாம்பு வேண்டும் என்றேன். நல்ல மனுஷன், மறுபேச்சுப் பேசாமல் மதுரைக்குப் போய் வாங்கி வந்துவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் பழுப்பும் கறுப்புமாக ஒரு பால் பைத்தான், சின்ன ஜாதி மலைப்பாம்பு! விஷம் கிடையாது. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அதனால்தான் அந்த 'பால்'. எங்கள் கடலாடிக் குண்டு மிளகாய் ஞாபகத்தில் குண்டு என்று பெயர் வைத்தேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாமனார் இருளாண்டிதான் குறுக்கே நின்றார். மிளகாய் விவசாயி. சொன்னால் சொன்னதுதான்.

"ஏத்தா மதி, அதுவும் ஒரு உசுரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள எரை எடுக்கலைன்னா வந்த எடத்துக்கே அனுப்பிரணும். பட்டினி போட்டுப் பாவத்தச் சேக்கக் கூடாது."

குண்டுவோ எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியின் ஒரு மூலை முப்பத்திரண்டு டிகிரி சூட்டிலும் மறு மூலை கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். அதற்காக அடியில் கரண்டில் சூடேறும் ஹீட் மேட் விரித்திருந்தேன். காலையில் எல்லாம் சரியாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால் பெட்டி முழுக்கச் சில்லென்று கிடக்கும். மேட்டை மாற்றினேன். தெர்மாமீட்டரை மாற்றினேன். பாம்பை விற்ற ஹமீதுக்குப் போன் போட்டுக் கிழி கிழியென்று கிழித்தேன். குண்டு சுருண்டது சுருண்டபடியே கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டது. வீட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மேட்டின் பிளக் பிடுங்கிக் கிடந்தது. பெட்டியின் மேல் நனைத்த சாக்கு. மாமா தன் கட்டிலோரத்து டேபிள் ஃபேனைப் பெட்டிக்கு நேராகத் திருப்பிவிட்டு, தான் மட்டும் வேர்த்து விறுவிறுத்துத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"சாப்புடு தாயி. எனக்காகச் சாப்புடு. நாளைக்கு ஞாயித்துக்கெழம வந்துருமே..."

"மாமா! என்ன இது?"

துண்டு கீழே விழுந்தது. "மாசி வெயிலு ஆத்தா. மொளகாயே சுருங்குது, மனுசன் இங்கன வேகுறோம். இதுல நீ அதுக்குக் கீழ அடுப்ப வேற மூட்டி வச்சிருக்கியே! அதான் நீ வாரதுக்குள்ள கொஞ்சம் குளுத்தி பண்ணிட்டு, திரும்பப் பிளக்க மாட்டி எல்லாத்தையும் எடுத்து வச்சிருவேன்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. "அதுக்குச் சொந்தமா ஒடம்புச் சூடு கெடையாது மாமா. வெளிய சூடு இருந்தாத்தான் பசிக்கும், செமிக்கும்."

அவர் முகம் சுண்டிவிட்டது. "அப்ப நாந்தான் பட்டினி போட்டேனா?"

அதன்பிறகு மனிதர் பெட்டியை விட்டு நகரவில்லை. வீட்டில் ஒரு ஃபேன் ஓடக் கூடாது என்று உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய, ஐஸில் உறையவைத்திருந்த செத்த எலியை வெந்நீரில் வைத்துக் குளிர் போக்கி இடுக்கியால் நீட்டினேன். குண்டு தலையைத் தூக்கியது. நாக்கை நீட்டியது. எங்கள் மூவருக்கும் மூச்சே இல்லை. சட்டென்று ஒரு பாய்ச்சல்!

"எடுத்துருச்சு! ஏலே பாண்டி, எடுத்துருச்சுடா!" என்று மாமா குதித்தார். நானும் குதித்தேன். வேட்டி அவிழ்ந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஹமீது போனில் வந்தார். "இன்னும் சாப்பிடலையாக்கா? நாளைக்கு வந்து எடுத்துக்கிறவா?"

மாமா போனைப் பிடுங்கினார். "எங்க வீட்டுப் பிள்ளைய நீ எதுக்குய்யா எடுக்கணும்?"

போனை வைத்துவிட்டு, வேர்வை சொட்டச் சொட்ட என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, பிள்ளைக்குச் சூடு பத்துமா? பாரு."