ஆறு நாற்பதுக்கு ஒரு ரிங்

புதுப் போன் வந்து ஒன்பது நாளாகியும் மேரிசுகந்தி பெட்டியை உடைக்கவில்லை. பாரிஸில் இருக்கும் மகன் றொஜன், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிய போன். ஊர்காவற்றுறையில் அந்தத் தெருவில் எவரிடமும் இல்லாத வகை. வேறு யாருமென்றால் கிடைத்த கையோடு கோயிலடிக்குக் கொண்டுபோய் நாலு பேருக்குக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். இவள் அதை அலுமாரியில், புருஷன் லியோனின் சேட்டுகளுக்குக் கீழே வைத்துப் பூட்டிவிட்டாள்.

பழையதோ பார்க்கச் சகிக்காது. கண்ணாடி வெடித்து, திரையின் கீழ்ப்பாதி செத்துப்போயிருந்தது. அழைப்பு வந்தால் பச்சை வட்டம் அந்தக் கீழ்ப்பாதியில்தான் வரும். விரல் தேயத் தேய்த்தாலும் அசையாது. மேலே கிடக்கும் பெயர்களைத் தொட்டு அவள் மற்றவர்களுக்கு எடுக்கலாம், பக்கத்துப் பொத்தானை அமர்த்தி வெட்டலாம். தனக்கு வருகிற அழைப்பைத் தூக்கத்தான் ஏலாது.

"நான் எடுத்தால் அடிச்சுக்கொண்டே கிடக்குது. பிறகு நீங்கள் திருப்பி எடுக்கிறியள். இதென்ன கூத்தம்மா?" என்று றொஜன் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய்த்தான் புதியதை அனுப்பினான்.

"பழகினதை விட மனமில்லையடா" என்றாள். சுத்தப் பொய். உள்ள விஷயம் லியோனின் தங்கை அன்ரனிட்டாவுக்கு மட்டும் தெரியும்.

லியோன் கடற்றொழிலுக்குப் போன காலத்தில், விடிய ஆறு நாற்பது மட்டில் காரைநகர் வெளிச்சவீடு தெரிகிற இடத்துக்குப் போட் வந்ததும் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். உடனே ஒரு ரிங் விட்டு வெட்டுவான். வந்துவிட்டேன், கரைக்கு வா என்று அர்த்தம். அவள் திருப்பி ஒரு ரிங் விடுவாள். கேட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தக் கரையில் வீட்டுக்கு வீடு இதுதான் வழக்கம். ரிங்கைத் தூக்கிக் கதைக்கிறவளை விசரி என்பார்கள். போன் வாங்கின புதிதில் மேரிசுகந்தி ஒருநாள் தெரியாமல் தூக்கி ஹலோ சொல்லிவிட்டாள். "ஈரக் கையோட நிண்டு உம்மோட கதைக்கவோ நான்? ரிங் விட்டால் தூக்கப்படாது" என்று அன்று முழுக்க முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தான் லியோன். அதற்குப் பிறகு அவள் தூக்கினதேயில்லை.

போன மார்கழிக்கு முந்திய மார்கழியில் அவனுடைய போட் நெடுந்தீவின் மேற்குக் கரையில் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. லியோன் ஒதுங்கவில்லை. ஊர்ப் போட்டெல்லாம் எட்டு நாள் தேடியது. ஆளில்லாத செத்தவீட்டை எப்படிச் செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த கார்த்திகை இரண்டாம் திகதி, மரித்த ஆன்மாக்களின் திருநாள் வந்தபோது, பூசையில் வாசிக்கிற பட்டியலுக்கு லியோனின் பெயரைத் தரச்சொல்லிப் பங்குச் சுவாமி தன்மையாகக் கேட்டார். "அது செத்தவையின்ர பேர் எழுதுற பட்டியலெல்லோ சுவாமி?" என்று திருப்பிக் கேட்டாள் மேரிசுகந்தி.

அவன் காணாமற்போன அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் விடிய ஆறு நாற்பதுக்கு அவள் லியோனின் நம்பருக்கு ஒரு ரிங் விட்டாள். பாவனையில் இல்லாத இலக்கம் என்று ஒரு பெட்டை மூன்று பாஷையிலும் சொல்லுவாள். ஒரு வருடமும் மூன்று மாதமும் சொன்னாள். இந்தப் பங்குனியில் ஒருநாள் அந்தப் பெட்டையைக் காணவில்லை. மறுபக்கம் மணி அடித்தது. மேரிசுகந்தி சட்டென்று வெட்டிவிட்டாள். பத்து நிமிடத்தில் அவளுடைய போன் அடித்தது. திரையில் 'லியோன்' என்று கிடந்தது. ஒரே ஒரு ரிங். வெட்டுப்பட்டது. போன் கையிலிருந்து நழுவிக் குசினிச் சீமெந்தில் விழுந்தது. கண்ணாடி வெடித்த கதை அதுதான்.

"கனகாலம் காசு போடாத நம்பரை வேற ஆக்களுக்குக் குடுக்கிறவங்கள் மச்சாள். உது ஆரோ" என்றாள் அன்ரனிட்டா.

"எனக்குத் தெரியாதெண்டே நினைக்கிறீர்?"

தெரியும்தான். ஆனால் அந்த ஆரோ ஒருவரின் குரலை அவள் காதால் கேட்கவில்லையே. ஏழு மாதமாக அவள் ஒரு ரிங் விடுகிறாள், ஒரு ரிங் திரும்பி வருகிறது. வரும்போது குசினிக்குள் மண்ணெண்ணெய் மணக்கும். அடுப்பு மணமில்லை, எஞ்சின் மணம். சில நாள் கால் தன்பாட்டில் கரைக்குப் போய்விடும். வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருக்கிறவர்கள் அவளைக் கண்டதும் குனிந்துகொள்வார்கள். அவளுக்கும் பயம்தான். ஆனாலும் அந்த ரிங் இல்லாமல் அவளால் ஒரு நாளைத் தொடங்க ஏலாது. புதுப் போனில் பச்சை வட்டம் சொன்னபடி கேட்கும். அதைத் தொட்டால் ஒரு குரல் வரும், அது லியோனின் குரலாக இராது, அத்தோடு லியோன் செத்துவிடுவான். இதற்குப் பயந்துதான் பெட்டி அலுமாரிக்குள் கிடந்தது.

பத்தாம் நாள், ஐப்பசி முப்பத்தொன்று, பழைய போன் வயிறு வீங்கி, பின்மூடி பிளந்துபோய்க் கிடந்தது. என்ன செய்தும் உயிர் வரவில்லை. ஆறு நாற்பது வந்தது, போனது. மேரிசுகந்தி வீட்டுக்கும் படலைக்குமாக நடந்தாள். பிறகு தானே அலுமாரியைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டு அன்ரனிட்டா வீட்டுக்குப் போனாள்.

அன்ரனிட்டா சிம்மை மாற்றிப் போட்டாள். "பேரெல்லாம் பழைய போனோட போயிட்டுது மச்சாள். அண்ணையின்ர நம்பரை என்னண்டு போட?"

"ஒண்டும் போடாதையும். எனக்கு மனப்பாடம்."

மறுநாள் ஆறு நாற்பதுக்கு, பத்து இலக்கத்தையும் தன் விரலாலேயே அமர்த்தி ஒரு ரிங் விட்டு வெட்டினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. பெயரில்லை, வெறும் இலக்கம். ஒரு ரிங் முடிந்தது. வெட்டுப்படவில்லை. இரண்டு. மூன்று. லியோன் ஒருநாளும் மூன்று ரிங் விட்டவனில்லை. கடவுளே, வெட்டு, வெட்டு என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. பச்சை வட்டம் துடித்துக்கொண்டே நின்றது. அவள் தொட்டாள்.

முதலில் ஒரு காகம் கத்துவது கேட்டது. பிறகு கிழட்டு இருமல்.

"மோனை" என்றது ஒரு குரல். "நீ கதைக்க வேண்டாம். கதைச்சால் அங்க உனக்குக் கரைச்சலெண்டால் வேண்டாம். நேற்று உன்ர ரிங் வரேல்ல. அம்மா சாப்பிடாமல் கிடந்தவ. அதுதான் இண்டைக்கு வெட்டாமல் விட்டனான்."

மேரிசுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவுஸ்ரேலியாப் போட்டில ஏறேக்க நீ சொன்னனியெல்லே, கதைக்க ஏலாட்டி ஒரு ரிங் எண்டாலும் விடுவன் எண்டு. எத்தினை வருசம் பாத்தம். இந்தப் போனை உன்ர அக்கா வாங்கித் தந்த அடுத்தநாளே உன்ர ரிங் வந்துது. அது இந்த ஊர் நம்பர், அவனில்லையெண்டு அக்கா சொல்லுறாள். அவளுக்கென்ன தெரியும். ஆர் நம்பர் தந்ததெண்டு நான் உன்னைக் கேக்கமாட்டன். ஒரு ரிங் போதும் மோனை. அதில அப்புவும் அம்மாவும் இருந்திடுவம்."

நான் உங்கட பிள்ளையில்லை ஐயா என்ற சொல் அவளுடைய தொண்டை வரைக்கும் வந்தது. அதே சொல்லை இந்த நிமிடம்தான் அவள் தன் தலையில் வாங்கியிருந்தாள். அது எப்படி இறங்குமென்று அவளுக்குத் தெரியும். ஏழு மாதமாக எங்கோ ஒரு வீட்டில் தான்தான் ஆவியாகத் திரிந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் மூச்சுக் காட்டாமல் நின்றாள். கிழவர் "சரி மோனை, கவனம்" என்று சொல்லி வெட்டினார்.

குசினியில் மண்ணெண்ணெய் மணக்கவில்லை. தேத்தண்ணி கொதித்த மணம் மட்டும் நின்றது. மேரிசுகந்தி சீமெந்தில் குந்தியிருந்து, இரண்டு வருடமாக அடக்கி வைத்ததையெல்லாம் வாய்விட்டு அழுதாள். சத்தம் கேட்டு அன்ரனிட்டா ஓடிவந்தாள்.

"உம்மட அண்ணை போயிட்டாரடியம்மா" என்றாள் மேரிசுகந்தி. "போயிட்டார்."

அன்று பின்னேரம் கோயிலுக்குப் போய், பட்டியலில் லியோனின் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள்.

மறுநாள் திருநாள். புதைத்த இடம் இல்லாதவர்களுக்குச் சேமக்காலையில் நடுச் சிலுவையடியில்தான் மெழுகுதிரி கொளுத்துவது. ஒரு பெட்டி மெழுகுதிரியும் கையுமாக அன்ரனிட்டா படலையில் வந்து நின்றாள்.

"வாங்கோ மச்சாள், பூசைக்கு நேரமாகுது."

"ஒரு நிமிசம் பொறும்" என்றாள் மேரிசுகந்தி.

வெள்ளைச் சீலையோடு குசினிக்குள் போனாள். சுவர் மணிக்கூட்டில் ஆறு நாற்பது. அவளுடைய மனிதனைச் சேமக்காலையில் சேர்க்கப் போகிறாள், அதில் இனி மாற்றமில்லை. ஆனால் இன்னொருத்தியின் பிள்ளை இன்னும் கடலில் நிற்கிறான். பத்து இலக்கத்தையும் அமர்த்தினாள். ஒரு ரிங் போகவிட்டு வெட்டினாள்.

படலையைச் சாத்தும்போது கைப்பைக்குள் போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. அன்ரனிட்டா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். "ஆர் மச்சாள்?"

"கேட்டுதாம்" என்றாள் மேரிசுகந்தி. இரண்டு பேரும் கோயிலுக்கு நடந்தார்கள்.