குறைஞ்சிருக்கா, கூடியிருக்கா

அம்பாசமுத்திரத்தில் அந்த வீட்டுக்கு ஒரே வாசல், வைத்தியர்கள் இரண்டு பேர். ஸ்ரீகுமார் இங்கிலீஷ் மருத்துவம் படித்தவன். அவன் மனைவி ஹம்ஸினி பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவள். நோயாளிகளை வைத்து அவர்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. தொண்ணூற்று நாலில் ஸ்ரீகுமாரின் தங்கை கோமுவுக்கு வாதத்தில் விரல் மூட்டுகள் வீங்கியபோதுதான் வந்தது. கோமு பள்ளிக்கூட டீச்சர். சாக்பீஸ் பிடிக்க முடியாமல் நீண்ட லீவில் இருந்தாள்.

முதலில் அண்ணன் மருந்து என்று முடிவாயிற்று. மழைக்காலம் ஓய்ந்த பிறகு, ரத்தப் பரிசோதனை முடிவோடு முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"பாரு ஹம்ஸினி, ரத்தத்துல வாதத்தோட அளவு பாதியாக் குறைஞ்சிருக்கு!"

ஹம்ஸினி கோமுவின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். "எனக்குக் கூடியிருக்கறாப்பலன்னா தெரியறது. வாயெல்லாம் புண். சாதம் இறங்கலை, தூக்கம் இல்லை. பித்தம் தலைக்கேறி நிக்கறது."

"அது மருந்து பண்றதுடி. நோய் வேற, அது வேற."

"எங்க வைத்தியத்துல அப்படிப் பிரிச்சுப் பாக்க வழியில்லையே."

கோடையில் அவள் முறை. கஷாயம், தைலம், பத்தியம். கோமு வயிறாரச் சாப்பிட்டாள், அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். நாடி சீராக ஓடியது, வாதம் அடங்கிவிட்டது என்றாள் ஹம்ஸினி. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்ரீகுமார் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். விரலெலும்பின் ஓரம் எலி கொறித்தாற்போல் இருந்தது.

"வாதம் அடங்கிடுத்துங்கறியே, இது என்ன?"

அவனுக்கு வாதம் என்றால் மூட்டில் இருக்கும் நோய். அவளுக்கு அது உடம்பு முழுக்க ஓடுகிற ஓட்டம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை நாளும் வேறு வேறு எதையோ பேசியிருக்கிறார்கள். யார் மருந்துக்கு நோய் கேட்டது என்று பார்க்கப் பொதுவாக ஒரு அளவுகோல் வேண்டுமே! எக்ஸ்ரே அவன் கட்சி, நாடி இவள் கட்சி.

கட்டிலில் கிடந்த கோமு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மன்னி, எனக்குக் குறைஞ்சிருக்கா, கூடியிருக்கா? ரெண்டு பேருமாச் சேர்ந்து ஒண்ணைச் சொல்லுங்கோ. அதை நம்பிண்டு கிடக்கேன்."

ஸ்ரீகுமார் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டான். ஹம்ஸினி கோமுவின் கோணிய விரல்களைத் தன் உள்ளங்கையில் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தாள். ஒத்துப் பொய் சொல்லவும் இருவருக்கும் வரவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தபோது கோமு வேலையை விட்டுவிட்டாள். இரண்டு மருந்தும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தலை பின்னிவிடுவது ஹம்ஸினி என்றும், சாதம் பிசைந்து ஊட்டுவது ஸ்ரீகுமார் என்றும் ஆயிற்று. அதற்குமேல் என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை.