ஏழாம் வகுப்பு பி பிரிவின் ஒரே குரல்

ஒன்பதாம் நூற்றாண்டு வந்து இறங்கிய திங்கட்கிழமையிலிருந்து ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கு ஒரே ஒரு குரல்தான் இருந்தது.

தூத்துக்குடியில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பள்ளியில் ஐரோப்பிய இசை வரலாற்றை அப்படித்தான் நடத்துவார்கள். எந்த நூற்றாண்டு பாடமோ, அந்த நூற்றாண்டே வகுப்பில் வந்து தங்கும். பாடம் பிள்ளைகளுக்குப் பிடிபட்டதும் அது கிளம்பும், அடுத்தது வரும். அந்தக் காலத்து மடங்களில் துறவிகள் எத்தனை பேர் கூடிப் பாடினாலும் மெட்டு ஒன்றுதான், குரலும் ஒன்றுதான். ஆகவே பிள்ளைகளுக்கும் அதேதான். எல்லாரும் சேர்ந்து நினைப்பது கணீரென்று வரும். ஒருவர் மட்டும் நினைப்பதற்கு வாய் அசையும், சத்தம் வராது.

வீட்டிலும் அப்படியே. பள்ளி விட்டதும் தெருத்தெருவாக "பசிக்குது" என்று ஒரே குரல் கேட்கும். "நாளைக்கு லீவா?" என்றும் கேட்கும். மற்றபடி பிள்ளைகள் அமைதி. பெற்றோரில் பாதிப் பேர் பள்ளிக்கு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

பெர்பெத்துவா டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. இசை டீச்சராக அவர் சேர்ந்த முதல் வருடம் அது. காலை வணக்கத்தில் அந்தக் குரல் எழும்பியபோது, ஊரே கூடி வடம் பிடித்துத் தேர் இழுத்ததுபோல் இருந்தது. ஆனால் அவருடைய ஆசையெல்லாம் அடுத்த பாடத்தின் மேல். ஒரு குரலுக்குக் கீழே இன்னொரு குரல் முதன்முதலாக வந்து நின்ற அந்த நிமிடம் இருக்கிறதே, அதைத் தன் வகுப்பில் தன் காதால் கேட்டுவிட வேண்டும் என்று துடித்தார்.

"அவசரப்படாதீங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியர் ஞானதிரவியம். "முந்தி இருந்த டீச்சர் காலத்துல ஒன்பதாம் நூற்றாண்டு முழுப் பரீட்சை வரைக்கும் இருந்துட்டு, லீவுக்குத்தான் போகும். வகுப்பும் கப்சிப்புன்னு இருக்கும். ஊரோடு ஒத்து வாழ்னு சும்மாவா சொன்னாங்க?"

அடுத்த வாரம் இசக்கிராணியின் அம்மா சண்முகக்கனி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், இவ அப்பா தோணியில மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போயிருக்காவ. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் போன் வரும். போன ஞாயிறு பிள்ள ஒரு வார்த்த பேசல. எம்மேல கோவமான்னு கேட்டுக்கிட்டே வச்சுட்டாவ. இவ ஒரே அழுக. அழுகைக்கும் சத்தம் வரல."

இசக்கிராணி வாயை அசைத்தாள். 'அப்பா, எப்ப வருவீங்க?' என்பதுதான் அது. வகுப்பில் மற்றவர்களின் அப்பாக்கள் எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். அந்தக் கேள்வி அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

"இந்த ஞாயிறு பேசுவா. நான் பொறுப்பு," என்றார் டீச்சர்.

மறுநாள் கரும்பலகையில் ஒரு கோடு போட்டார், அதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டார். "எல்லாரும் மேல போகும்போது ஒரே ஒரு ஆள் கூடப் போகாம கொஞ்சம் கீழ நிக்கணும். அவ்வளவுதான் விஷயம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்," என்றது குரல்.

பாடச் சொன்னார். ஒரே ஒரு ஆள் நிற்க வேண்டிய இடத்தில் அத்தனை பிள்ளைகளும் அந்த ஒரே ஒரு ஆளாக முன்வந்து, சேர்ந்தே கீழே நின்றார்கள். திரும்பவும் விளக்கினார். திரும்பவும் புரிஞ்சுதா என்று கேட்டார். திரும்பவும் புரிந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு அசையவே இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் தொண்டை கட்டிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் டீச்சருக்குச் சுருக்கென்று உறைத்தது. அரிச்சுவடி நாளிலிருந்து இந்தப் பிள்ளைகளிடம் எல்லா டீச்சர்களும் கேட்டது அந்த ஒரே கேள்வியைத்தான். அதற்குப் பதிலும் ஒன்றுதான். புரியாவிட்டாலும் புரிஞ்சுது என்பதுதான் மரியாதை. அவரும் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்தார். டீச்சர் துள்ளி எழுந்தார்.

"யாருக்குப் புரியல?"

அந்தப் பள்ளியில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பழக்க தோஷத்தில் வகுப்பு முழுவதும் "புரிஞ்சுது டீச்சர்" என்று இழுத்தது. அந்த இழுவைக்கு அடியில், சன்னமாக, ஐந்து சுரம் தள்ளி இன்னொரு குரல் வந்து நின்றது.

"எனக்குப் புரியல டீச்சர்."

இசக்கிராணி. இரண்டும் சேர்ந்து ஒலித்தன. மேலே புரிந்தது, கீழே புரியவில்லை. நடுவில் ஒரு ஆள் நிமிர்ந்து நடந்து போகலாம், அவ்வளவு இடம் இருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. டீச்சருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துக் கண்ணீர் கொட்டியது. "அதான்! அதேதான்! விடாதீங்க பிள்ளைகளா!" என்று மேசையைத் தட்டினார். வராந்தாவில் நின்றிருந்த தலைமையாசிரியர் கையிலிருந்த பிரம்பால் தாளம் போட்டார். ஒன்பதாம் நூற்றாண்டு கிளம்பிப் போனது. அன்று சாயங்காலம் தெருவில் கச்சாமுச்சாவென்று சத்தம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பசி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஆவல் தாங்காமல் சண்முகக்கனி வீட்டுக்கே போய்விட்டார். போன் வந்தது. இசக்கிராணி பாய்ந்து எடுத்தாள்.

"அப்பா, எப்ப வருவீங்க?"

"வாரோம்," என்றது மறுமுனை. கணீரென்ற குரல். தோணியில் இருந்த அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

"அப்பா, நீங்கதானா?"

"வாரோம்."

சண்முகக்கனி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையாட்டினார். "வெள்ளிக்கிழமை இங்க இருந்து போன ஒன்பதாம் நூற்றாண்டு தோணியிலதான் ஏறியிருக்கு. கொண்டா பிள்ள." போனை வாங்கிக்கொண்டார். மாலுமிகளிடம் யாருமே கேட்காத கேள்வி எது என்று ஒரு கணம் யோசித்தார்.

"அண்ணாச்சிமாரே, இசக்கிராணியோட டீச்சர் பேசுறேன். உங்கள்ல யாருக்குப் பயமா இருக்கு?"

கடல் இரைச்சல் கேட்டது. பிறகு "வாரோம்" என்ற குரல் நீண்டு எழுந்தது. அதற்கு அடியில், ஐந்து சுரம் தள்ளி, கரகரத்த ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"எனக்கு டீச்சர். எம்பிள்ள எம்மேல கோவமா இருக்காளோன்னு பயமா இருக்கு."

"அப்பா!" இசக்கிராணி போனைப் பிடுங்கினாள். "கோவமே இல்லப்பா! குரல்தான் இல்ல! எப்ப வருவீங்க?"

"சரக்க இறக்கிட்டு வாரேன் தாயி."

தோணி கரை சேர்ந்த மறுநாள் அவர் உப்புக் காய்ந்த சட்டையோடு ஏழாம் வகுப்பு பி பிரிவின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அதற்குள் இடையில் இருந்த நூற்றாண்டுகள் வந்து போய்ப் பதின்மூன்றாம் நூற்றாண்டு வந்திருந்தது, இரண்டு குரல் போதாமல் அதற்கு மூன்றாவது குரல் ஒன்று தேவைப்பட்டது. டீச்சர் பெயர் கூப்பிட்டபோது அவர் எழுந்து நின்று, மற்றவர்களைவிடக் கொஞ்சம் கீழே, "உள்ளேன் டீச்சர்" என்றார்.