பிணத்தின் காதில் பஞ்சு

இரண்டு காதிலும் பஞ்சு, மூடிய இமை மேல் வெயில், முற்றத்துப் பாயில் நான் பிணமாகக் கிடக்கிறேன், தலைமாட்டில் ராமாயி அக்கா பாடுகிறாள், அவள் மூச்சு நெற்றியில் படுகிறது, பாட்டு கேட்கவில்லை, கேட்கவும் கூடாது, எங்கள் மலையில் ஒப்பாரி என்பது செத்தவன் மறைத்த தப்பைச் சொல்லிவிட்டு, பொறுத்தோம் போய் வா என்று முடிக்கிற பாட்டு, தப்பு காதில் விழுந்தால் செத்தவன் வீட்டை விட்டுப் போகமாட்டான், அதற்குத்தான் பஞ்சு, பிணமில்லாமல் பாடமாட்டேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள், அப்ப யாராவது படுத்துக்குங்களேன் என்றார் பட்டணத்திலிருந்து காமிராக்களோடு வந்த இயக்குநர், பழங்குடி மரபை அழியாமல் காக்க வந்தவர், மூன்றே நாளில் காத்துவிட்டு ரயிலைப் பிடிக்க வேண்டும் அவருக்கு, ஐம்பத்திரண்டு வயதில் சும்மா படுத்துக்கிடக்க வேலை கொடுத்தால் யார் விடுவார், நான் படுத்தேன், பொய்ப் பொணத்துக்கும் மெய்யத்தான்டா பாடுவேன் என்றாள் அக்கா, பாடு பாடு, எங்கிட்ட என்ன இருக்குது என்று சிரித்தேன், அந்தச் சிரிப்பு ஆறு மாதம் கழித்தும் வாயில்தான் இருக்கிறது, பட்டணத்து அரங்கில், இனி மரபுக்கு மரணமில்லை என்று எழுதிய பேனருக்குக் கீழே, நான்கு பேர் மைக்கில் எங்களுக்காக உருகி முடித்தபின், இயக்குநர் என் தலையில் வி.ஆர். கண்ணாடியை மகுடம்போலக் கவிழ்க்கிறார், அரங்கம் போய்விட்டது, என் முற்றம், என் பாய், பாயில் நான், இந்தமுறை என் காதில் பஞ்சில்லை, அக்காவின் பாட்டு கேட்கிறது, கைய விட்டியே தம்பி, ஆளைக் கூப்பிட ஓடுனேன்னு சொன்னியே, வெள்ளத்துல வெள்ளையன் கைய விட்டுட்டுத்தானே ஓடுன, பாறை மேலேருந்து பாத்தேனே, வெள்ளையன் எங்கள் கடைக்குட்டித் தம்பி, அப்போது ஏழு வயது, அந்த விரல்கள் வழுக்கவில்லை, நான்தான் உதறினேன், நாற்பது வருஷமாக எனக்குச் சோறு போடுகிறவளுக்கு அது தெரியும், பொறுத்தோம் என்கிற அடிக்குக் காத்திருக்கிறேன், வரவில்லை, பாட்டு மறுபடி முதலிலிருந்து, கைய விட்டியே, கண்ணாடியைப் பிடுங்கினேன், முடிவு எங்க சார், கடைசி ரெண்டு வரி இழுவையா இருந்துச்சு, வெட்டிட்டோம், இதுவே செம எமோஷன் என்றார், பக்கத்தில் நின்ற அக்காவின் முகம் வெளுத்தது, கேட்டுப்புட்டியாடா, கேட்டுட்டேன், கடைசி அடியப் பாடுக்கா, உசுரோட இருக்கறவனுக்கு எப்படிடா பாடுவேன் என்றாள், நான் மேடையின் சிவப்புக் கம்பளத்தில் நீட்டிப் படுத்துவிட்டேன், இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், கண்ணை மூடிக்கொள்கிறேன், இமை மேல் விளக்குச் சூடு, அக்கா தலைமாட்டில் உட்காருகிறாள், பஞ்சுக்கு எங்கே போவாள், இரண்டு உள்ளங்கையாலும் என் காதுகளை அழுத்திப் பொத்துகிறாள், கைதட்டல் செத்துப்போகிறது, மூச்சு நெற்றியில் படுகிறது, பாடுகிறாள், எந்த அடியைப் பாடுகிறாள் என்று கேட்கவில்லை, அந்தக் கைகள் என்னை விடவில்லை.