தரையில் வைக்காத பிள்ளை

ஒடெஸ்ஸாவின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆகஸ்டு மாதம் முதல் ஞாயிறு, எங்கெங்கோ பிழைக்கப்போன சொந்தமெல்லாம் உப்பூற்றுத் தேவாலயத்துப் புல்வெளியில் கூடும். அந்த வருஷம் பிறந்த கடைக்குட்டியைக் கைக்குக் கை மாற்றி எல்லோரும் தூக்குவார்கள். சாப்பாடு முடிகிறவரை பிள்ளை தரையைத் தொடக்கூடாது. போர்வை விரித்துக் கிடத்துவதும் கிடையாது, கூடையில் வைப்பதும் கிடையாது. ஏனென்று கேட்டுப்பாருங்கள், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதிர்ஷ்டம் என்பார் ஒருவர். எறும்பு கடிக்கும் என்பார் இன்னொருவர். நம் பாட்டன்மார் செய்தார்கள், நாமும் செய்கிறோம், போய்ச் சோற்றைத் தின்னு என்பார் மூன்றாமவர்.

பிள்ளை இப்படிச் சுற்றி வரும்போது ஒடெஸ்ஸாவின் அண்ணன் வெஸ்டர் சூக்கியின் கதையைச் சொல்வார். ஐம்பது வருஷமாக அவர்தான் சொல்கிறார். கென்டக்கி அப்போது எல்லைக்காடு. ஷானி என்ற பூர்வகுடி மக்களின் வேட்டைக்காட்டில் வெள்ளைக்காரர்கள் குடிசை போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ஷானிகள் சும்மா விடுவார்களா? ஒரு மார்ச் மாதம் வந்து அடித்தார்கள். பெல்லமி வீட்டில் புருஷனும் செத்தான், பெண்டாட்டியும் செத்தாள். அந்த வீட்டு அடிமைப்பெண் சூக்கி, நாலு மாதக் கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு ஓடி, ஓடைப்பக்கம் வாசல் வைத்தாற்போலிருந்த ஒரு பெரிய பொந்து மரத்துக்குள் ஒளிந்தாள். அந்தக் குளிர்காலத்தில்தான் தன் சொந்தப் பிள்ளையை இழந்தவள். மார்பில் பால் வற்றியிருக்கவில்லை. ஒன்பது நாள் காப்பாற்றிக் கோட்டையில் கொண்டு சேர்த்தாள். அந்தப் பிள்ளை அப்சலோம் பெல்லமி வளர்ந்து, தன் கையாலேயே விடுதலைப் பத்திரம் எழுதி அவளிடம் கொடுத்தான். இந்த இடத்தில் வெஸ்டரின் குரல் தழுதழுக்கும். கிழவிகள் "ஆமென்" என்பார்கள். சூக்கிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் வழிதான் இந்தக் கூட்டம் மொத்தமும்.

மாநிலத்துக்கு இருநூறு வயதான வருஷம், உப்பூற்றங்கரையில் ஓர் இரும்புப் பலகை நாட்டுவதென்று மாவட்டம் முடிவு செய்தது. வரலாற்றுக் குழுவின் தலைவர் ரஸ்ஸல் பெல்லமி. அதே அப்சலோமின் வாரிசு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். கறாரான ஆள். வெஸ்டர் குழுக் கூட்டத்துக்கு நல்ல கோட்டு மாட்டிக்கொண்டு போய்க் கதையைச் சொன்னார். நாலு பேர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். பெல்லமி சிரிக்கவில்லை. ஆனால் "ஆவணம் இருக்கா?" என்றார். வெஸ்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அவர் பேச்சே குறைந்துபோனது.

அண்ணனின் அந்த முகத்தை ஒடெஸ்ஸாவால் சகிக்க முடியவில்லை. தபால் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். விலாசமே சரியில்லாத கடுதாசியைக்கூட உரியவர் வீட்டில் கொண்டு சேர்த்தவள். பலகையின் வாசகம் வெள்ளிக்கிழமை வார்ப்பாலைக்குப் போகிறது. இரும்பில் வார்த்துவிட்டால் அப்புறம் நூறு வருஷத்துக்கு அதுதான் வரலாறு. அதில் சூக்கியின் பெயர் வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

மூன்று வாரம் நீதிமன்றத்து நிலவறையில் தூசு தின்றாள். உயில், சொத்துப் பட்டியல், வரிப் புத்தகம். கிடைத்தது ஒரே ஒரு வரி. செத்துப்போன பெல்லமியின் உடைமைகளில் இரண்டு உப்புக் காய்ச்சும் கொப்பரைக்கும் ஒரு சினைப்பசுவுக்கும் நடுவே, 'ஒரு நீக்ரோப் பெண்'. பசுவின் நிறத்தைக்கூட எழுதியிருந்தான் பாவி. பெண்ணின் பெயரை எழுதவில்லை.

வியாழன் பிற்பகல் பெல்லமி படியிறங்கி வந்தார்.

"மிஸ் ஒடெஸ்ஸா, ஏதாவது கிடைச்சுதா?"

"பசுமாடு கிடைச்சுது, சார்."

அவர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உங்க அண்ணன் சொன்னது பொய்யின்னு நான் சொல்லல. காகிதம் இல்லேங்கிறேன், அவ்வளவுதான். எங்க வீட்டுக் கதையையே நான் வெட்டிட்டேன். அதனால எங்க அத்தை என்கூடப் பேசறதில்ல, தெரியுமா?"

"அது என்ன கதை?"

பெல்லமி கொஞ்சம் கூச்சப்பட்டார். "அம்மா செத்ததும் ஒரு பெண்மான் வந்து அப்சலோமுக்குப் பால் குடுத்துச்சாம்."

ஒடெஸ்ஸாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லாருக்கே! மான் வந்து பால் குடுக்கும், எங்க சனத்துப் பொம்பளை குடுக்கமாட்டாளா?"

"அதான் மானையும் வெட்டிட்டேன்னு சொல்றேனே!"

"சரி, மானும் இல்ல, சூக்கியும் இல்ல. உங்க காகிதம் என்னதான் சொல்லுது?"

"குடும்ப பைபிள்ல முன்பக்கத்துல எழுதியிருக்கு. மார்ச் பதினொண்ணு, தாய் தகப்பன் மரணம். மார்ச் இருபது, குழந்தை கோட்டைக்கு வந்து சேர்ந்தது."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்ல."

"பதினொண்ணுலேருந்து இருபது. ஒன்பது நாள். எங்க அண்ணன் என்ன சொன்னார்?"

பெல்லமி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"நாலு மாசக் குழந்தை ஒன்பது நாள் காத்தைக் குடிச்சா கிடந்துச்சு? முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தீங்களே, இதை ஒரு தடவைகூட யோசிக்கலையா?"

"கடவுள் காப்பாத்தினார்னு நெனச்சு விட்டுட்டேன்," என்றார் அவர். முகம் சிவந்துவிட்டது. பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தார். "முதல்லேருந்து சொல்லுங்க. ஒண்ணுவிடாம. அன்னிக்குக் கூட்டத்துல நான் சரியா காது குடுக்கல."

ஒடெஸ்ஸா சொன்னாள். பொந்து மரம் என்றதும் அவர் பேனா நின்றது.

"என்ன மரம்?"

"சிக்கமோர். ஓடைப்பக்கம் வாசல் மாதிரி. மரத்துல மூணு கோடாலி வெட்டு இருந்துச்சுன்னு அண்ணன் சொல்வார். எதுக்கு அந்த வெட்டுன்னு எங்களுக்குத் தெரியாது."

பெல்லமி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "எல்லை மரம்! மூணு வெட்டுன்னா நிலத்தோட மூலை மரம். மிஸ் ஒடெஸ்ஸா, இந்த ஊர்ல எந்த மூலை மரத்துக்கு வழக்கு நடக்காம இருந்திருக்கு? உயில்லயும் வரிப் புத்தகத்துலயும் தேடிக்கிட்டிருக்கோம். நிலத் தகராறுல தேடணும்!"

அந்தக் காலத்தில் ஒரே நிலத்தை மூன்று பேருக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தார்கள். யார் முதலில் அளந்தார்கள் என்பதுதான் சண்டை. வக்கீல்களும் எழுத்தரும் மரத்தடிக்கே போய், வெட்டு எந்த வருஷத்தது என்று பார்க்க வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு கட்டையைப் பெயர்த்து, அதன்மேல் வளர்ந்த வளையங்களை எண்ணுவார்கள். அங்கேயே நின்று பழைய ஆட்களிடம் சாட்சியும் வாங்குவார்கள். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்றாம் வருஷத்துக் காகிதக் கட்டுக்குள், நாடா இற்றுப்போன ஒரு பொட்டலத்தில், பெல்லமி நிலத்தின் வழக்கு இருந்தது. சாட்சி, ஜோப் ஹாக்கின்ஸ். நில அளவையில் சங்கிலி இழுத்தவன்.

பெல்லமி உரக்கப் படித்தார். இதே மரம்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர் என்று வக்கீல் கேட்கிறார்.

'மறக்கக்கூடிய மரமா அது? நாங்கள் அதை வெட்டிக் குறியிட்ட அன்றுதான் பொந்துக்குள் சூக்கியைக் கண்டோம். பெல்லமியின் குழந்தையைத் தன் உடம்போடு கட்டியிருந்தாள். நடக்கவே திராணியில்லை அவளுக்கு. குழந்தையைக் கீழே வை, நாங்கள் தூக்கிக்கொள்கிறோம் என்றோம். வைக்கமாட்டேன் என்றாள். மூன்று ஆண்கள் பிடித்தும் வைக்கவில்லை. என் பிள்ளை ஒன்றை ஏற்கெனவே மண்ணில் வைத்துவிட்டேன், இதை வைக்கமாட்டேன் என்றாள். ஒன்பது நாளும் தரையில் வைக்கவில்லையாம். கோட்டை வாசல்வரை அவளேதான் தூக்கி வந்தாள்.'

ஒடெஸ்ஸாவின் கண்முன்னே ஆகஸ்டு புல்வெளி வந்தது. எறும்பு கடிக்கும் என்றார்களே! தானும் அப்படிக் கைக்குக் கை போய் வளர்ந்தவள்தான். அவள் அம்மாவும் அப்படித்தான், அம்மாவின் அம்மாவும் அப்படித்தான். காரணம் என்றைக்கோ மறந்துபோயிருக்கிறது. கைகள் மறக்கவில்லை. அவள் அழுதாள். துடைத்துக்கொள்ளத் தோன்றாமல் நன்றாக அழுதாள்.

அந்த ஜோப் ஹாக்கின்ஸ் யாரோ எவனோ. கேட்டது மரத்தைப் பற்றி. ஒரு அடிமைப்பெண் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பெயரைச் சொல்லியிருக்கிறான். நீ நல்லாயிருப்பே ராசா என்று செத்து நூற்றைம்பது வருஷமானவனை மனசார வாழ்த்தினாள்.

பெல்லமி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதைத் திருப்பாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்கு அப்புறம் தோன்றியிருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலின் கடைசிக் கேள்வி. அந்தப் பெண் இப்போது எங்கே?

ஹாக்கின்ஸின் பதிலைப் படிக்கையில் அவர் குரல் இறங்கிப்போயிற்று. 'சட்டப்படி அவளைச் சாட்சி கேட்க முடியாது, ஐயா. அவள் அப்சலோம் பெல்லமியின் உடைமை. அதோ, அந்த அடுப்பில் நமக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறாளே, அவள்தான்.'

இருபத்தொன்பது வருஷம் கழித்து, அதே மரத்தடியில், அவள் காப்பாற்றிய பிள்ளைக்கே அடிமையாய். அவள் கதையை அவளை வைத்துக்கொண்டே இன்னொருவன் சொல்கிறான். அவள் வாயைத் திறக்கச் சட்டத்தில் இடமில்லை.

"விடுதலைப் பத்திரம்..." என்றாள் ஒடெஸ்ஸா.

பெல்லமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். "முதல் பதில் போதும், பலகைக்கு. இந்தக் கடைசிக் கேள்விக்கு... இடம் பத்தாதுன்னு நினைக்கிறேன்."

சரி என்று சொல்லிவிட ஒடெஸ்ஸாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. வெஸ்டரின் தழுதழுத்த குரலும், கிழவிகளின் ஆமெனும் பிழைத்துக்கொள்ளும். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அடுப்பு முன்னால் குனிந்திருந்தவளை இப்போதுதான் பார்த்தாள். பார்த்த பிறகு எப்படி விட்டுவிட்டுப் போவது?

"சார், அந்த வரி உங்களுக்கு மட்டுமா சுடுது? எங்க அண்ணன் கதையோட முடிவும் அதுல போச்சு. காகிதம் வேணும்னு நீங்கதான் கேட்டீங்க. வந்த காகிதத்தை முழுசா எடுத்துக்கங்க. பாதிக் காகிதம் எனக்கும் வேணாம்."

பெல்லமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு நோட்டில் இரண்டு பதிலையும் எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை இரண்டும் வார்ப்பாலைக்குப் போயின.

வெஸ்டரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, "அம்பது வருஷமா பொய்யா சொல்லிக்கிட்டிருந்தேன்?" என்றார்.

"பொய் இல்லண்ணே. யாரோ ஒரு மகராசி, தன் பிள்ளைங்க நிம்மதியாத் தூங்கட்டும்னு நல்ல முடிவா வச்சுச் சொல்லியிருக்கா. மரத்தையும் வெட்டையும் ஒன்பது நாளையும் அவதானே நமக்குக் குடுத்தா? நீ அதை அப்படியே காப்பாத்தித் தரலேன்னா அந்தக் காகிதத்தை யாரும் தேடியிருக்கமாட்டாங்க."

அன்று மத்தியானம் வெஸ்டர் தன் நல்ல கோட்டை எடுத்து வெயிலில் போட்டார்.

ஆகஸ்டு முதல் ஞாயிறு. பெரிய கொப்பரையில் பர்கூ என்கிற இறைச்சிக் குழம்பு கொதித்தது. வறுத்த கோழி, அவரை, சோள ரொட்டி, மேசை தாங்கவில்லை. ஒடெஸ்ஸா அழைத்திருந்ததால் பெல்லமி வந்திருந்தார், கையில் சாட்சியத்தின் நகலோடு. கல்யாண வீட்டுக்குத் தப்பித் தவறி வந்தவரைப்போல ஓரமாக நின்றார். அந்த வருஷத்துக் கடைக்குட்டி மைக்கா. ஒடெஸ்ஸாவின் தங்கை பேத்தி. நாலு மாதம்.

பிள்ளை கைக்குக் கை போக, வெஸ்டர் கதையைச் சொன்னார். இந்தமுறை தரையில் வைக்காததையும் சொன்னார். நூறு பேர் ஒரே நேரத்தில் மைக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். எறும்பு என்று சொல்லிக்கொண்டிருந்த மாமா பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு விடுதலைப் பத்திரம் வரவேண்டிய இடத்தில் வெஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டு, "பத்திரம் யாரும் குடுக்கல. கடைசிவரைக்கும் குடுக்கலேன்னுதான் தோணுது. ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தா," என்றார். யாரும் ஆமென் சொல்லவில்லை. அப்புறம் ஒரு கிழவி மெதுவாக, "நன்றி சூக்கி," என்றாள். அது வரிசையில் ஒவ்வொருவராகப் பரவியது.

அதற்குள் மைக்கா வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டாள். கடைசியில் நின்றவர் பெல்லமி. பிள்ளையை நீட்டிக்கொண்டிருந்த பெண் தயங்கி ஒடெஸ்ஸாவைப் பார்த்தாள். ஒடெஸ்ஸா தலையசைத்தாள்.

பெல்லமி நகலைச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஏதோ பேச்சு எழுதிக் கொண்டுவந்திருந்தார் போல. "நான்... எங்க குடும்பத்தின் சார்பா..."

"பேச்செல்லாம் அப்புறம். தலையைத் தாங்கிப் பிடிங்க சார்," என்றாள் ஒடெஸ்ஸா.

அவர் பிடித்தார். பேச்சை விட்டுவிட்டார். "அவளாலதான் நான் இருக்கேன்," என்று மட்டும் சொன்னார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவரிடமிருந்து பிள்ளையை வாங்க ஏனோ யாரும் எழவில்லை. அவருக்கு வைத்த தட்டு ஆறிக்கொண்டிருந்தது. எழுபது வயதுத் தோள், நடுங்க ஆரம்பித்துவிட்டது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று வெஸ்டர் கோழித்தொடையோடு கேட்டார்.

"இருபது நிமிஷம் இருக்கும்."

"அப்போ இன்னும் எட்டு நாளும் சொச்சமும் இருக்கு, சார்."

புல்வெளியே சிரித்தது. பெல்லமியும் அழுகையோடு சிரித்தார். ஒடெஸ்ஸா எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினாள். "குடுங்க, போதும். கை விட்டுப்போயிடும்."

அவர் பிள்ளையைத் தோளில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும், மிஸ் ஒடெஸ்ஸா. நீங்க போய்ச் சாப்பிடுங்க," என்றார்.